ஊன ஓய்வூதியம், சுகர் கேஸ்: மெடிக்கல் போர்டு ‘நானா’ போட்டுவிட்டது, முதல் முறையீடும் தள்ளுபடி. இனி வழி உண்டா?

வடாற்காடு ஹவில்தார் | 12 ஆகஸ்ட் 2025, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் எழுதத் துணிந்தேன்.

1994 நவம்பரில் சேர்ந்தேன். சேரும்போது ஷேப்-1, அதாவது முழு உடல்தகுதி. 24 வருடம் முடித்து 2018 நவம்பர் 30 அன்று ஹவில்தாராக வெளியே வந்தேன். 2003 முதல் 2005 வரை காஷ்மீரில் ராஷ்ட்ரிய ரைபிள்ஸ். பிறகு வடகிழக்கு. 2013 ஆகஸ்ட் முதல் 2015 செப்டம்பர் வரை லடாக்கில் உயரப் பகுதி. அங்கிருந்து இறங்கி ஒரு பீஸ் ஸ்டேஷனுக்கு, அதாவது அமைதிப் பகுதி முகாமுக்கு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, 2016 ஜனவரியில் சுகர் என்றார்கள். மெடிக்கல் கேட்டகரியை இறக்கிப் பி-2 ஆக்கினார்கள். மாத்திரையோடுதான் மீதி சர்வீஸை ஓட்டினேன்.

வெளியே வரும்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டில் ஊனம் 20 சதவீதம், ஆயுளுக்கும் என்று போட்டார்கள். ஆனால் பக்கத்துக் கட்டத்தில் ‘நானா’. சர்வீஸால் வந்ததும் இல்லை, சர்வீஸால் முற்றியதும் இல்லையாம். அதனால் ஊன ஓய்வூதியம் இல்லை என்றார்கள். காரணம் ஒரே வரி: வாழ்க்கைமுறை நோய், பீஸ் ஏரியாவில் தொடங்கியது.

முதல் முறையீடு போட்டேன். 2020 பிப்ரவரியில் அதே வரியை மறுபடி டைப் அடித்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் கொரோனா. அப்புறம் அம்மா படுத்த படுக்கை. ஐந்து வருடம் ஓடிவிட்டது. ‘போர்டு சொன்னா சொன்னதுதான், விட்டுத் தள்ளு’ என்கிறார்கள் கேன்டீனில் பார்க்கிற ஆட்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இப்போது காலில் மரமரப்பு வந்துவிட்டது. இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?

---

ரெக்கார்ட்ஸ் கிளார்க் (ஓய்வு) | 13 ஆகஸ்ட் 2025, காலை 6:15

தம்பி, முடியும். முதலில் அந்தக் கேன்டீன் பேச்சை மறந்துவிடுங்கள். 28 வருடம் ஃபைல் புரட்டியவன் சொல்கிறேன். போர்டு சொல்வது கருத்து. அதற்கு மேலே முதல் முறையீடு, இரண்டாவது முறையீடு, ஆயுதப்படைத் தீர்ப்பாயம், அதற்கும் மேலே உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் என்று படி படியாக இருக்கிறது. நீங்கள் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

உங்களுக்கு எந்த விதி என்பதைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புதிய தகுதி விதிகள். நீங்கள் 2018. ஆகவே 2008ஆம் வருடத் தகுதி விதிகளும், மருத்துவ அதிகாரிகளுக்கான 2008 கையேடும்தான் உங்களுக்கு. புதிய விதியைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள்.

அந்த விதியில் இரண்டு விஷயம் உங்களுக்குச் சாதகம்.  காலம் முடிந்து, குறைந்த மெடிக்கல் கேட்டகரியில் வெளியே போனவர்களுக்கும், நோய் சர்வீஸால் வந்தது அல்லது முற்றியது என்று ஏற்கப்பட்டு, ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் ஊன ஓய்வூதியம் உண்டு. ஷேப்-1இல் சேர்ந்து பி-2இல் வந்த நீங்கள் அதில் அடங்குவீர்கள். இரண்டாவது, நிரூபிக்கும் சுமை பொதுவாக உங்கள் தலையில் இல்லை. 

உடனே ஒரு வேலை செய்யுங்கள். போர்டு நடவடிக்கை முழுவதும், முதன்முதலில் கேட்டகரி இறக்கியபோது போட்ட தாள்கள், முதல் முறையீட்டு உத்தரவு, எல்லாவற்றுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து எழுதிப் போடுங்கள். உங்கள் சொந்த மருத்துவத் தாளை உங்களுக்கே தரமாட்டேன் என்று சொல்ல இடமில்லை.

---

நேர்வழி | 13 ஆகஸ்ட் 2025, மதியம் 1:05

மன்னிக்க வேண்டும், இங்கே ஒரு மாற்றுக் கருத்து. யாரையும் புண்படுத்துவது நோக்கமில்லை.

1999இல் எனக்குக் காலில் குண்டுத் துண்டு பாய்ந்தது. இன்றும் தாங்கித்தான் நடக்கிறேன். ஊனமுற்றோர் பென்ஷன் என்றால் என் மனதில் வருவது என்னோடு கிடந்த பையன்கள். சுகர் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிறது. ஐசிஎம்ஆர் ஆய்வே 2023இல் சொன்னது, நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று. துணிக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வருகிறது. அவருக்கு யார் பென்ஷன் தருகிறார்கள்? எல்லா நோயையும் பட்டாளத்தின் தலையில் கட்டினால், உண்மையாகவே அடிபட்டவனையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிற நாள் வரும். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

---

எம்.ஐ. ரூம் தம்பி | 13 ஆகஸ்ட் 2025, மாலை 7:30

நேர்வழி சாப், உங்கள் காலுக்கு முதலில் வணக்கம்.

நான் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தவன். பார்த்ததைச் சொல்கிறேன். துணிக்கடைக்காரருக்குச் சுகர் வந்தால் மூன்று வேளை நேரத்துக்குச் சாப்பிடலாம், சோற்றைக் குறைக்கலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம். 14,000 அடியில் போஸ்ட்டில் இருப்பவன் என்ன செய்வான்? டின்னில் வருவதுதான் சாப்பாடு. ராத்திரி முழுக்க சென்ட்ரி, பகலில் தூக்கம். பனி மூடினால் லேப் வசதி உள்ள இடத்துக்கு இறங்கவே வாரக் கணக்கு ஆகும்.

இது நானாகச் சொல்வது இல்லை. 2008 கையேட்டில் ஆறாவது அத்தியாயம், 26ஆவது பத்தியே நீரிழிவுக்கு என்று இருக்கிறது. டைப்-2ஐ வாழ்க்கைமுறை நோய் என்றுதான் அது தொடங்குகிறது. போர்டு அந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறது. அதற்கு அடுத்த வரியில், மன அழுத்தம், சரியில்லாத உணவு, பணி காரணமாக மருத்துவ முறைகளைக் கடைப்பிடிக்க முடியாமல் போவது எல்லாம் சுகரை வரவழைக்கும், கட்டுக்கு மீறச் செய்யும் என்று அதே பத்தி சொல்கிறது. ஃபீல்டு, கிளர்ச்சி எதிர்ப்புப் பணி, உயரப் பகுதி, நீண்ட கடற்பணி, இவற்றில் இருக்கும்போது தொடங்கினால் சர்வீஸால் முற்றியது என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது.

‘உண்டானது’ வேறு, ‘முற்றியது’ வேறு. சுகரைப் பட்டாளம் கொடுத்தது என்று நிரூபிக்கவே வேண்டியதில்லை. இருந்ததை மோசமாக்கியது என்றால் போதும். அமெரிக்கத் துணிக்கடைக்காரரோ அம்பத்தூர் துணிக்கடைக்காரரோ அந்தக் கேள்விக்குள் வரமாட்டார்.

ஹவில்தார் அண்ணனுக்கு ஒரு கேள்வி. 2016 ஜனவரியில் முதன்முதலில் பார்த்தபோது அளவு என்ன? ஹெச்பிஏ1சி, அதாவது சில மாதச் சர்க்கரைச் சராசரி, எவ்வளவு? அந்த நேரத்தில் கண் டாக்டரிடம் அனுப்பினார்களா? அந்தத் தாள் இருந்தால் தேடி எடுங்கள். காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

---

டல்லாஸ் தமிழன் | 14 ஆகஸ்ட் 2025, காலை 8:20

கொஞ்சம் விலகிப் போகிறேன். இங்கே எங்கள் சர்ச்சில் ஒரு பெரியவர், வியட்நாம் போருக்குப் போனவர். அவருக்கும் டைப்-2 தான். அங்கே தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் களைக்கொல்லியோடு தொடர்புள்ள நோய்கள் பட்டியலில் 2001இல் டைப்-2 நீரிழிவைச் சேர்த்துவிட்டார்கள். அந்த மண்ணில் பணியாற்றினார், பிறகு சுகர் வந்தது என்று காட்டினால் போதும். எதனால் வந்தது என்று நிரூபிக்க வேண்டாம். கரையேறாமல் கப்பலிலேயே இருந்தவர்கள் மட்டும் வருடக்கணக்கில் போராடி, 2019இல் தனிச் சட்டம் வந்த பிறகுதான் உள்ளே வந்தார்கள். மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு என்றால் 20 சதவீதம். இன்சுலின் போட்டு, உடல் உழைப்பையும் டாக்டர் குறைக்கச் சொன்னால் 40. பெரியவருக்குப் பாதத்தில் நரம்பு போனதற்குத் தனியாகச் சதவீதம் சேர்த்தார்கள்.

நாடு வேறு, சட்டம் வேறு. ஆனால் ‘எங்கே இருந்தாய், எப்போது இருந்தாய்’ என்கிற கேள்விதான் அங்கேயும் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

---

குடியாத்தம் தறி | 14 ஆகஸ்ட் 2025, இரவு 10:10

ஐயா, நான் கேட்கலாமா தெரியல. என் வீட்டுக்காரர் நாயக்கா இருந்து 2011ல வந்தாரு. அவருக்கும் சுகர்தான், 20 சதவீதம்தான், அதே ‘நானா’ தான். அவரு ஒண்ணும் கேக்கல. ‘குண்டடி பட்டவனுக்கு வர்ற காசு, நமக்கு எதுக்கு’ன்னு சொல்லிட்டாரு. 2021ல கிட்னி போய் இறந்துட்டாரு. ஃபேமிலி பென்ஷன் வருது. இந்த இழையைப் படிச்சதுல இருந்து தூக்கம் வரல. அவரு இருந்தப்ப வந்திருக்க வேண்டியதை இப்ப நான் கேக்க முடியுமா? எங்க போய்க் கேக்கறதுன்னே தெரியல.

---

நேர்வழி | 15 ஆகஸ்ட் 2025, காலை 5:50

சகோதரி, உங்கள் கணவர் சொன்னதைத்தான் நானும் நேற்று முன்தினம் எழுதினேன். படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவர் நினைத்தது போல அது ஒரே பானையில் இருந்து எடுப்பது இல்லை. எனக்கு வருவது போர்க்காய ஓய்வூதியம், அது தனி. நூறு சதவீத ஊனத்துக்குக் கணக்கிடும் சம்பளத்தில் 60 சதவீதம் என்று எங்களுக்கு. மற்ற ஊனத்துக்கு 30. ஒருவர் வாங்கினால் இன்னொருவருக்குக் குறையாது. இதை எனக்குத் தெரிந்தும் நான் எழுதாமல் விட்டது தவறு. தகுதி இல்லாதவர் கேட்பதைத்தான் இப்போதும் எதிர்க்கிறேன். நீங்கள் கேளுங்கள் அம்மா.

---

தீர்ப்பாய வழக்கறிஞர் | 15 ஆகஸ்ட் 2025, மதியம் 3:45

சென்னை அமர்வில் இந்த வகை வழக்குகளில் ஆஜராகிறேன். பொதுவாகச் சொல்கிறேன், அவரவர் தாளைப் பார்க்காமல் உறுதி தர முடியாது.

ஹவில்தார் அவர்களுக்கு. 2013 ஜூலை 2 அன்று உச்சநீதிமன்றம் சொன்ன தரம்வீர் சிங் தீர்ப்புதான் இன்றைக்கும் அடித்தளம். சேரும்போது குறிப்பு இல்லையென்றால் பிறகு வந்த சரிவு பணியால் வந்தது என்ற அனுமானம், அதை மறுப்பதென்றால் போர்டு காரணம் எழுத வேண்டும், இந்த இரண்டும் அதிலிருந்து வருகின்றன. அது வலிப்பு நோய் வழக்கு. 2015 ராஜ்பீர் சிங் தீர்ப்பு வேறு நோய்களுக்கும் அதையே நீட்டியது. ‘வாழ்க்கைமுறை நோய்’ என்பது நோயின் பெயர்ப்பலகை, காரணம் ஆகாது.

‘பீஸ் ஏரியா’ என்ற வாதத்துக்கு வருவோம். அரசுத் தரப்பு எப்போதும் இதில்தான் நிற்கும். 2025 மார்ச் 27 அன்று டில்லி உயர்நீதிமன்றம் ஒரு சுபேதாரின் டைப்-2 நீரிழிவு வழக்கில், நோய் பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது என்பது மட்டுமே பணியோடு தொடர்பில்லை என்று சொல்லப் போதாது என்று கூறி, அரசின் மனுவைத் தள்ளியது. சென்னைத் தீர்ப்பாயத்தைக் கட்டாயம் கட்டும் தீர்ப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் எடுத்து வைக்க வேண்டிய தீர்ப்பு.

எதிர்ப்பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். 2019இல் நரசிங் யாதவ் வழக்கில், மனநோய் பற்றியது, அனுமானம் தானாக ஓடாது, மருத்துவ நிபுணர் கருத்துக்கு மதிப்பு உண்டு என்று உச்சநீதிமன்றம் மனுதாரருக்கு எதிராகச் சொன்னது. சர்வீஸ் மிகக் குறைவு, ஃபீல்டே போகவில்லை, எடை கூடியிருந்தும் குறைக்கச் சொன்னதைக் கேட்கவில்லை என்று போர்டு விவரமாக எழுதியிருக்கிறது, இப்படிப்பட்ட வழக்குகள் தோற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே போர்டு தாளில் உங்கள் எடை என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ‘இந்த நோய் அவருடைய கவனக்குறைவாலோ தவறான நடத்தையாலோ வந்ததா?’ என்று அதே படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். பெரும்பாலும் ‘இல்லை’ என்று எழுதியிருப்பார்கள். ‘சேருவதற்கு முன் இருந்ததா?’ அதற்கும் ‘இல்லை’. முன்பும் இல்லை, அவர் குற்றமும் இல்லை, பணியாலும் இல்லை என்றால் பிறகு எங்கிருந்து வந்தது? நீதிமன்றத்தில் நான் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குவேன்.

தாமதம் பற்றி. ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் உரிமை, அதனால் கதவு அடைபடாது. ஆனால் 2008 தர்சேம் சிங் தீர்ப்பின்படி, தாமதமாக வந்தால் மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருட நிலுவைதான். கணக்குப் பார்ப்போம். கடைசியாக வாங்கிய கணக்கிடும் சம்பளம் 45,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு சதவீத ஊனத்துக்கு அதில் 30 சதவீதம், 13,500. இருபது சதவீதத்துக்கு 2,700. ஆனால் 50க்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் 50 ஆக உயர்த்திக் கணக்கிட வேண்டும், ஆக 6,750. காலம் முடிந்து வந்தவர்களுக்கும் இந்த உயர்த்தல் உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவ்தார் வழக்கில் தீர்ந்துவிட்டது. இதற்கு மேல் அகவிலைப்படி, 2025 ஜனவரி விகிதப்படி 55 சதவீதம். மாதம் பத்தாயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல் வருகிறது. அதாவது நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும், மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மாத நிலுவை உதிர்ந்துகொண்டே இருக்கிறது.

---

வடாற்காடு ஹவில்தார் | 15 ஆகஸ்ட் 2025, இரவு 11:20

சார், அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு என் மனைவியிடம் சொன்னேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

டிரங்குப் பெட்டியைத் திறந்து இருப்பதையெல்லாம் எடுத்தேன். போர்டு தாளில் என் எடை 68 கிலோ, உயரம் 170 செ.மீ. கவனக்குறைவா என்ற இடத்தில் ‘இல்லை’. சேருவதற்கு முன்பா என்ற இடத்திலும் ‘இல்லை’. நீங்கள் கண்ணால் பார்த்தது போலச் சொல்லிவிட்டீர்கள்.

எம்.ஐ. ரூம் தம்பி கேட்டது: 2016 ஜனவரியில் வெறும் வயிற்றில் 214. ஹெச்பிஏ1சி 10.1. கண் டாக்டரிடம் அனுப்பினார்கள், பிப்ரவரியில். அந்தத் தாள் என்னிடம் இல்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு விளக்கு அடித்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. என்ன எழுதினார் என்று தெரியாது.

---

எம்.ஐ. ரூம் தம்பி | 16 ஆகஸ்ட் 2025, காலை 7:00

அண்ணே, அந்தத் தாளை விடாதீங்க. ஏன் என்று சொல்கிறேன்.

டைப்-2 சுகர் திடீரென்று ஒரு நாள் வருவதில்லை. பல பேருக்குக் கண்டுபிடிப்பதற்குச் சில வருடம் முன்பே உள்ளே இருக்கும், வெளியே தெரியாது. ரத்தக் குழாயை மெதுவாக அரிக்கும். கண்ணின் பின்திரையில் உள்ள சின்னச் சின்னக் குழாய்களில் அது முதலில் தெரியும். கண்டுபிடித்த அன்றைக்கே விழித்திரையில் பாதிப்பு இருந்தால், சுகர் அன்று தொடங்கியது இல்லை என்று எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்வார். உங்களுக்கு அது 2016 பிப்ரவரியில் இருந்திருந்தால், ஆறு மாதத்துக்கு முன் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? லடாக்கில்.

கண்டுபிடித்த நாள் வேறு, தொடங்கிய நாள் வேறு. போர்டு இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிட்டது. கையேட்டுப் பத்தி கேட்பது எங்கே தொடங்கியது என்பதை.

10.1 என்பதும் சின்ன அளவு இல்லை. ஆனால் அது கடைசி இரண்டு மூன்று மாதச் சராசரியைத்தான் சொல்லும், அதை மட்டும் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போக முடியாது. கண் தாள்தான் முக்கியம். ஊரில் நல்ல நீரிழிவு மருத்துவரிடம் இரண்டு தாளையும் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

---

தீர்ப்பாய வழக்கறிஞர் | 16 ஆகஸ்ட் 2025, காலை 10:30

தம்பி சொன்னது சரியான பாதை. பல மனுக்களில் யாரும் கண் பரிசோதனைத் தாளைத் தொடுவதே இல்லை, சட்டத்தை மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நானும் இனிப் பார்ப்பேன்.

நடைமுறை: இரண்டாவது முறையீட்டை உடனே அனுப்புங்கள், தாமதத்துக்கான காரணத்தைச் சேர்த்து. ஆறு மாதத்தில் முடிவு வரவில்லையென்றால், எல்லா வழியும் முயன்றுவிட்டதாகக் கருதித் தீர்ப்பாயம் போகச் சட்டம் இடம் தருகிறது. அங்கே 14ஆவது பிரிவில் மனு, கூடவே தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. ஒரு நீதித்துறை உறுப்பினரும், படையில் உயர்பதவி வகித்த ஒரு நிர்வாக உறுப்பினரும் கேட்பார்கள். முறையீட்டுக்குப் பதில் வராமல் கிடப்பதும் மூன்று வருடக் கணக்கும் உங்கள் விஷயத்தில் எப்படிப் பொருந்தும் என்பதை உங்கள் வழக்கறிஞரோடு முதல் நாளே பேசிவிடுங்கள்.

குடியாத்தம் சகோதரிக்கு. கணவர் உயிரோடு இருந்த காலத்துக்கு அவருக்கு வரவேண்டிய ஊன ஓய்வூதியத்தைச் சட்டப்படியான வாரிசாக நீங்கள் கோரலாம். வாழ்நாள் நிலுவை என்று சொல்வார்கள். மூன்று வருட வரம்பு உங்களுக்கு இடைஞ்சலாக வரும், அவர் இறந்து நாலு வருடம் ஆகிவிட்டதே என்று எதிர்ப்பார்கள், அதை மறைக்கமாட்டேன். ஆனால் சிறுநீரகம் பழுதானது சுகரால்தான் என்று மருத்துவமனைத் தாள் சொன்னால், சுகரே பணியால் முற்றியது என்று நிலைநாட்டிச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கேட்பது தனி வழி. அதில் கிடைத்தால் இனி வரும் மாதங்களுக்கும் பலன் உண்டு. எளிய வழக்கு என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டிய வழக்கு.

செலவுக்குப் பயப்படாதீர்கள். 1987ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவில், பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உண்டு.

---

ரெக்கார்ட்ஸ் கிளார்க் (ஓய்வு) | 16 ஆகஸ்ட் 2025, மாலை 6:10

இதோடு ஒரு எச்சரிக்கை. ‘அரியர்ஸில் முப்பது பர்சென்ட் கொடுத்துடுங்க, முழுசா நான் பாத்துக்கறேன்’ என்று சொல்லி வருபவர்களிடம் டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுக்காதீர்கள். என் தங்கை மாப்பிள்ளை இப்படி ஒரு ஏஜென்டிடம் அசல் தாள்களைக் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் அலைந்தார். வழக்கில் வரும் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞர்களுக்கே பார் கவுன்சில் விதிப்படி தடை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள், முறையீடு எழுத உதவுவார்கள். ஜெராக்ஸ்தான் கொடுக்க வேண்டும், அசலை வீட்டிலேயே வையுங்கள்.

இன்னொன்று. போர்டு சதவீதத்தை இத்தனை வருடத்துக்கு மட்டும் என்று போட்டிருந்தால் விட்டுவிடாதீர்கள். 2019 நவம்பர் 28 அன்று கடற்படைக் கமாண்டர் ஒருவரின் நீரிழிவு வழக்கில், நிரந்தரத் தன்மையுள்ள நோய்க்கு ஐந்து வருடம் என்று எல்லை கட்ட முடியாது, ஆயுளுக்கும் கொடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சொந்த விருப்பத்தில் முன்னதாக வந்தவர்களுக்கும் 2006 ஜனவரி 1க்குப் பிறகு வந்திருந்தால் வழி உண்டு, 2009 செப்டம்பர் 29 கடிதம்.

---

வடாற்காடு ஹவில்தார் | 9 அக்டோபர் 2025, இரவு 8:55

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். கையில் தாள் வரட்டும் என்று இருந்தேன்.

தகவல் உரிமை மனுவுக்கு முதலில் ‘தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்று வந்தது. முப்பது நாள் முடிந்ததும் கிளார்க் அண்ணன் சொன்னபடி மேல்முறையீடு போட்டேன். போன வாரம் 41 பக்கம் வந்தது. அதில் 2016 பிப்ரவரி கண் பரிசோதனைத் தாள் இருக்கிறது. கையெழுத்து கிறுக்கலாக இருந்தது. எம்.ஐ. ரூம் தம்பிக்குப் போட்டோ அனுப்பினேன். இரண்டு கண்ணிலும் ஆரம்பநிலை விழித்திரைப் பாதிப்பு என்று எழுதியிருக்கிறதாம். தம்பி போனில் சொன்னபோது நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வருடமாக அந்தத் தாள் யார் அலமாரியிலோ இருந்திருக்கிறது. எனக்கும் தெரியாது, போர்டில் உட்கார்ந்த மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

வேலூரில் ஒரு நீரிழிவு மருத்துவரிடம் காட்டினேன். கண்டுபிடித்ததற்குப் பல காலம் முன்பே நோய் இருந்திருக்க வேண்டும் என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார். ஃபீஸ் வாங்கவில்லை. அவருடைய அப்பாவும் பட்டாளமாம்.

இரண்டாவது முறையீடு நேற்று ஸ்பீட் போஸ்ட்டில் போய்விட்டது. போஸ்டிங் விவரம், கண் தாள், மருத்துவர் கடிதம், கையேட்டின் 26ஆவது பத்தி, எல்லாம் இணைத்திருக்கிறேன். ஏப்ரல் முதல் வாரம் வரை பார்ப்பேன். பதில் இல்லையென்றால் சென்னைக்குப் போகிறேன்.

---

குடியாத்தம் தறி | 10 அக்டோபர் 2025, காலை 9:15

அண்ணே, ரொம்ப சந்தோஷம். நான் இன்னும் எதுவும் செய்யல. அவரு தாளெல்லாம் ஒரு மஞ்சப்பையில இருக்கு. எதை எடுக்கணும், எதை விடணும்னு தெரியல. கடைசியா ஆஸ்பத்திரியில கொடுத்த சம்மரியும் இருக்கு. தனியா ஆபீஸுக்குப் போகத் தயக்கமா இருக்கு.

---

வடாற்காடு ஹவில்தார் | 10 அக்டோபர் 2025, காலை 9:50

அம்மா, எதையும் பிரிக்க வேண்டாம், மஞ்சப்பையை அப்படியே எடுத்து வாருங்கள். செவ்வாய்க்கிழமை நானும் என் மனைவியும் வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகிறோம். பத்தரை மணிக்கு வாசலில் நிற்போம். அவர் எந்த வருடம் எங்கே இருந்தார், எப்போது முதலில் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார் என்று ஞாபகம் வருவதை மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர் லீவில் வந்தபோது உங்களிடம் சொன்னதாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.